மைக்கை மூடாத வகுப்பு

அந்தக் கல்லூரியில் புரோகிராமிங் முதல் பாடத்தை எடுக்க யாருக்கும் பிடிக்காது. இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம் என்றால் போட்டி போடுவார்கள். முதல் பாடம் என்றதும் ஒருவருக்குத் தலைவலி வரும், இன்னொருவருக்குத் தலைபோகிற வேலை வந்துவிடும். பின்னே? மௌஸை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்கிறவர்களிடம் தொடங்கி, பதினாறே வாரத்தில் அவர்களைச் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத வைக்க வேண்டும். அதுவும் மாலை வகுப்பு. பகலெல்லாம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு வந்து உட்காரும் பெரியவர்கள். இந்தப் பாடத்தைப் பதினெட்டு வருடமாக ஒருத்தி விடாப்பிடியாக எடுத்துக்கொண்டிருந்தாள் என்றால், ஒன்று அவளுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை நிஜமாகவே பிடித்திருக்க வேண்டும். இரண்டிலும் பாதிப் பாதி என்பது அவளுடைய மாமியாரின் கணிப்பு.

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அரைப்புள்ளி. அவள் சொல்லிக்கொடுத்த கணினி மொழியில் ஒவ்வொரு வரியும் ஓர் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இயந்திரம் முரண்டு பிடிக்கும். ஒரு மாலைக்கு ஐம்பது தடவையாவது அதை அவள் நினைவுபடுத்துவாள், அதனால் வந்த பெயர். அது அவள் காதுக்கு எட்டாது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் காதுக்கு எட்டாததே கிடையாது என்பது அவர்களுக்கு மெதுவாகத்தான் தெரியவரும்.

அந்தக் காதுதான் அவளுடைய முதலீடு. லேபில் நாற்பது கம்ப்யூட்டர்கள் ஐந்து வரிசையாக இருந்தன. ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் நடுவில் நடந்துகொண்டே இருப்பாள். திரையைப் பார்க்க மாட்டாள், கேட்பாள். சிக்கிக்கொண்டவரின் கீபோர்டு ஊமையாகிவிடும். பதறிப்போனவர் அழிக்கிற பட்டனை மட்டும் படபடவென்று தட்டுவார். ஓர் ஊமைக் கீபோர்டுக்குப் பின்னால் போய் நின்று, "எங்க நின்னுச்சு?" என்று கேட்பாள். எங்கே தப்பு என்று கேட்க மாட்டாள். அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேருக்கு உயிர் வந்துவிடும். பதினெட்டு வருடத்தில் பாதியில் விட்டுப்போனவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் அந்த நான்கு பேரின் முகமும் அவளுக்கு மறக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. முதல் இரண்டு வாரம் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. தாளும் பென்சிலும்தான். புரோகிராமில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் தாளில் ஒரு பெட்டி போட வேண்டும். வரி வரியாக விரல் வைத்து நடந்து, எந்தப் பெட்டியில் என்ன எண் விழுகிறது என்று எழுத வேண்டும், பழைய எண்ணை அடிக்க வேண்டும். "பெட்டி போட்டு நடந்து பாருங்க" என்பாள். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார்கள். மூன்றாம் வாரம் கம்ப்யூட்டரைக் கண்டதும் பெட்டியை மறந்துவிடுவார்கள். இதுவும் பதினெட்டு வருடமாக நடப்பதுதான்.

இந்த வருடம் மூன்றாம் வாரம் வருவதற்குள் லேபின் கூரையில் ஒரு விரிசல் வந்துவிட்டது. பொறியாளர்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு முறை தலையை ஆட்டினார்கள், கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். நாற்பது கம்ப்யூட்டர்களையும் ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப்போய்ப் போர்வை போர்த்திப் படுக்க வைத்தார்கள். எல்லா வகுப்புகளும் இனி வீட்டிலிருந்தே நடக்கும், கூரையைச் சரிசெய்ய எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது என்று சுற்றறிக்கை வந்தது. அதன் கடைசி வரி: பாடம் நடக்கும்போது மாணவர்கள் மைக்கை மூடி வைக்க வேண்டும்.

முதல் நாள் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். முப்பத்தொரு கறுப்புக் கட்டங்கள் அவளைப் பார்த்தபடி இருந்தன. எதிர்ப்பக்கம் இணைப்பு இழுவையாக இருந்ததால் யார் முகமும் இல்லை. புரிந்ததா என்று கேட்டால், புரிந்தது மேடம் என்று முப்பத்தொரு வரிகள் திரையில் வந்து விழுந்தன. அப்படி ஒருமுகமாகப் புரிந்த வகுப்பை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாரக் கடைசியில் இரண்டு பேர் பாடத்தை விட்டுவிடுவதாகக் கடிதம் அனுப்பினார்கள்.

மாமியார் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாயும் விரலும் சும்மா இருக்காது. ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்துப் பேசிய மருமகளைப் பார்த்து, "ஏம்மா, தனியா பேசிக்கிறதுக்கு எதுக்கு இன்டர்நெட்டு? அது இல்லாமலே பேசலாமே" என்றார்.

மருமகளுக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஆனால் மாமியார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் காதைக் கட்டிப்போட்டுவிட்டுப் பாடம் நடத்தச் சொன்னால் எப்படி நடத்துவாள்? அடுத்த வாரம் முதல் வகுப்பில் சுற்றறிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இனிமேல் பயிற்சி நேரத்தில் எல்லோரும் மைக்கைத் திறந்து வைத்து, போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

அடேயப்பா, அது என்ன சத்தம்! இருபத்தொன்பது வீடுகள் ஒரேயடியாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, ஒரு வீட்டில் குழந்தை பெருக்கல் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னது, ஒரு வீட்டில் யாரோ யாரையோ துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் இரண்டு நாள் தலை வெடித்தது. மூன்றாம் நாள் காது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. யார் கட்டத்தில் ஒலி எழும்பினாலும் திரையில் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு ஓடும். பச்சை ஓடாத பெயரைப் பார்த்து, "எங்க நின்னுச்சு?" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஒரு நர்ஸ் அவர். தன் வீட்டுச் சுவர் வழியாகப் பார்த்துவிட்டார்களோ என்று பயந்துபோனாராம். விட்டுப்போன இரண்டு பேரில் ஒருவர் அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

மாமியாருக்கும் கொண்டாட்டம்தான். காய் நறுக்கிக்கொண்டே வகுப்பு முழுவதையும் கேட்பார். யார் பெயரும் தெரியாது, ஆனால் எல்லோரையும் தெரியும். குக்கர்காரி, வாய்ப்பாட்டு அப்பா, துண்டு வீடு. எல்லோரிலும் வேகமாக அடிக்கும் ஒருவருக்கு மழை என்று பெயர். விடாமல் சடசடவென்று அடிப்பார்.

மழை ஒரு லிப்ட் மெக்கானிக். நாற்பத்து மூன்று வயது. இருபது வருடமாக லிப்ட் ஓடும் குழிக்குள் ஏணி வைத்து ஏறி இறங்கி அவருடைய வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. கம்பெனியில் புதிய லிப்டுகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சரிபார்க்க ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆனால் புரோகிராமிங் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சேர்ந்த நாளன்று இதையெல்லாம் கூச்சத்தோடு சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு வருடம் இந்த முட்டி தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. விரல்தான் பேசியது. அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

பத்தாம் வாரம் துறைத் தலைவர் போன் செய்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பட்டியல் என்றால் அவருக்கு உயிர். மாணவர்கள் புரோகிராமை ஏற்றும் பக்கம், யார் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் ஒரு பயிற்சிக்கு இருபது தடவை, முப்பது தடவை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். லிப்ட் மெக்கானிக் ஏழு பயிற்சிகள் அனுப்பியிருந்தார். ஏழும் ஒரே ஒரு ஓட்டம். ஏழும் இரவு எட்டே முக்காலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். ஏழும் சரி.

முதல் பாடம் படிக்கிற ஒருவர் முதல் தடவையே தப்பில்லாமல் எழுதுகிறாரா, அதுவும் ஏழு தடவையா என்று கேட்டார் தலைவர். யாரோ எழுதிக்கொடுத்ததை ஏற்றுகிறார், வேறு என்ன? விதிப்படி பெயரை அடித்துவிட வேண்டும், இரண்டு வருடம் மறுபடி சேர முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய கையெழுத்து வேண்டும்.

இரண்டு வருடம் என்றதும் அவளுக்கு அந்த முட்டிதான் நினைவுக்கு வந்தது. வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த ஆள் தினமும் இரண்டு மணி நேரம் விடாமல் அடிப்பதைத் என் காதாலேயே கேட்கிறேன், அவர் காப்பியடிக்கிறவர் இல்லை என்று அடித்துச் சொன்னாள்.

தலைவர் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மேடம். ரெண்டு மணி நேரம் அடிக்கிறார். கடைசியில ஒரே ஒரு தடவைதான் ஓட்டிப் பாக்கறார். அப்ப அந்த ரெண்டு மணி நேரம் என்னத்தைத்தான் அடிக்கிறார்?" என்று கேட்டார்.

தானே சாட்சி சொல்லப் போய்த் தானே ஆளை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை வகுப்பில் அவள் காது முழுவதும் மழையிடமே இருந்தது. சடசட, சடசட. எங்கும் தடுக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் எந்தப் புது மாணவரும் இப்படித் தடுக்காமல் அடித்து அவள் கேட்டதில்லை. இது ஏன் இத்தனை நாள் தனக்கு உறைக்கவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சத்தம் வராதவர்களைத் தேடும் அவசரத்தில், சத்தம் வருகிறவரை அவள் கேட்கவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். அந்த ஆளு ஸ்பேஸ் பாரைத் தட்டறதே இல்லையே."

"என்ன அத்தை?"

"எந்த மெஷினா இருந்தாலும் அந்த நீளப் பட்டை மட்டும் தனியா ஒரு சத்தம் போடும். அஞ்சாறு எழுத்துக்கு ஒரு தடவை அது கேக்கணும். இடமே விடாம ரெண்டு மணி நேரம் ஒருத்தன் என்னத்தை எழுதுவான்? அது டைப் அடிக்கிற சத்தம் இல்லம்மா. சும்மா தட்டற சத்தம்."

மறுநாள் மதியம் லிப்ட் மெக்கானிக்கின் சாப்பாட்டு இடைவேளையில் அவரைக் கூப்பிட்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல், "உங்க கீபோர்டுல ஸ்பேஸ் பார் உடைஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது, பிறகு அது தள்ளிப்போனது.

"ஸ்பேஸ் பார் மட்டும் இல்ல மேடம்," என்றார் அவர். "வயரே இல்ல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மனைவி ஒரு கூரியர் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்கிறவர். மாலை நான்கு மணியிலிருந்து எட்டரை வரை கம்ப்யூட்டர் அவருடையது. ஒன்பது மணிக்குப் பயிற்சியை அனுப்பியாக வேண்டும், ஏற்றும் பக்கமோ அவருடைய பழைய போனில் திறக்காது. ஆகவே மிஞ்சியது அரை மணி நேரம். அதில் உட்கார்ந்து யோசிக்க முடியுமா? போனில் வகுப்பைக் கேட்டபடியே தாளில் எழுதிவிடுவார். எட்டரைக்கு அதைப் பார்த்து ஒற்றை விரலால் அடித்து ஏற்றுவார்.

"அப்புறம் எதுக்குங்க அந்தக் கீபோர்டு?"

"எல்லார் வீட்லேர்ந்தும் சத்தம் வருது. சத்தம் வராதவங்களை நீங்க விடாம கூப்பிடறீங்க. கம்ப்யூட்டர் இல்லைன்னு தெரிஞ்சா வகுப்புல இருக்க முடியாதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். பழைய சாமான்ல ஒண்ணு கெடந்துச்சு. இடது கையால அதைத் தட்டிக்கிட்டே வலது கையால எழுதிடுவேன். உங்களுக்கும் கவலை இல்லாம இருக்கும்ல மேடம்."

இத்தனை வருடம் யாரும் ஒளியக் கூடாது என்றுதான் காதைத் தீட்டி வைத்திருந்தாள். அந்தக் காதுக்குப் பயந்து ஒரு மனிதர் வயர் இல்லாத கீபோர்டைத் தினமும் இரண்டு மணி நேரம் தட்டியிருக்கிறார். வகுப்பு வீட்டுக்கு மாறியபோது கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு, தாளில் எழுதியதை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் வீடியோவில் உட்கார்ந்தார்கள். லிப்ட் மெக்கானிக் அரை நாள் விடுப்பு எடுத்து, மனைவியின் கம்ப்யூட்டரின் முன்னால், கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவர் கைவசம் ஒரு கேள்வி வைத்திருந்தார். பத்து எண்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும், அதில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயே, கேமராவுக்கு முன்னால், தாளில். பார்க்க எளிதாக இருக்கும், எழுதினால் பத்தில் எட்டுப் பேர் விழும் கேள்வி அது.

அவர் எழுதினார். பதினைந்து வரி இருக்கும். எழுதி முடித்ததும் தாளைக் காட்டச் சொன்னார் தலைவர். அவள் திரையிலேயே பார்த்துவிட்டாள். எட்டுப் பேர் விழும் அதே இடத்தில் அவரும் விழுந்திருந்தார். பழைய பெரிய எண்ணை இரண்டாம் இடத்துக்கு இறக்கி வைக்காமலேயே புதிய எண்ணை அதன் இடத்தில் போட்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் மெக்கானிக். "இன்னும் நடந்து பாக்கலை."

தாளின் ஓரத்தில் மூன்று பெட்டிகள் போட்டார். ஒன்பது, நான்கு, ஏழு, பன்னிரண்டு என்று எண்களை எடுத்துக்கொண்டு விரல் வைத்து வரி வரியாக இறங்கினார். பெட்டியில் எழுதினார், அடித்தார், எழுதினார். பன்னிரண்டு வந்ததும் விரல் நின்றது. "இங்க ஒன்பது காணாமப் போயிடுது சார். அதை முதல்ல பக்கத்துப் பெட்டிக்கு இறக்கணும்" என்று சொல்லி, மேலே ஒரு வரியைச் செருகினார். கடைசியில் மறக்காமல் ஓர் அரைப்புள்ளி வைத்தார்.

துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் எழுதுவதும் இப்படித்தானா என்று கேட்டார். மெக்கானிக் நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாகப் பெட்டிகள், அடித்தல்கள், அம்புக்குறிகள். ஒரு பயிற்சிக்கு ஆறு பக்கம், எட்டுப் பக்கம். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் முப்பது தடவை செய்த தப்பையெல்லாம் அவர் பென்சிலால் செய்து முடித்திருந்தார்.

"எங்க வேலையில கரண்ட் போட்டுப் பாத்துக் கத்துக்க முடியாது சார்," என்றார். "வரைபடத்துல ஒவ்வொரு வயர் மேலயும் விரல் வெச்சு நடந்து முடிச்சுட்டுத்தான் சுவிட்சுல கை வைப்போம். மேடம் முதல் நாள் பெட்டி போடச் சொன்னப்பவே, இது நமக்குத் தெரிஞ்ச வேலைதான்னு நெனச்சேன்."

பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டேன் என்றார் தலைவர். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்த நோட்டை நகல் எடுத்து இரண்டாம் பாடத்துக்கும் கொடுக்கலாமா என்று கேட்டார். இளகிய நேரத்தைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தவள் அவள். போர்வைக்குள் தூங்கும் நாற்பது கம்ப்யூட்டர்களைப் பற்றி அப்போதே எடுத்துவிட்டாள். வெளியே கொடுக்க விதியில்லை என்று தலைவர் இழுத்தார். கூரையில் விரிசல் விட மட்டும் விதி இருந்ததா என்று கேட்டுவிட்டாள். மாமியாரின் வாய் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்து வந்தது. வகுப்பில் விசாரித்தபோது, கம்ப்யூட்டரைக் கடன் வாங்கியும் பங்கு போட்டும் சமாளித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் ஆறு பேர் வாய் திறந்தார்கள். ஸ்டோர் கீப்பர் முணுமுணுத்துக்கொண்டே ஏழு போர்வைகளை விலக்கினார்.

அடுத்த புதன்கிழமை மாலை. பயிற்சி நேரம் தொடங்கியது. குக்கர் விசில் அடித்தது, துண்டைத் தேடும் வீடு துண்டைத் தேடியது. மழை இல்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பெயரைச் சுற்றிப் பச்சைக் கோடு விட்டு விட்டு ஓடியது. டக். டக். நீண்ட இடைவெளி. டக். பிறகு கனமாக ஒரு தொப். சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு எட்டிப் பார்த்து, அதோ ஸ்பேஸ் பார் என்று கையை நீட்டினார்.

பிறகு அழிக்கிற பட்டன் கேட்டது. டக்டக்டக்டக். அப்புறம் நிசப்தம். ஊமைக் கீபோர்டின் அந்த நிசப்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எங்க நின்னுச்சு?" என்றாள்.

"பதினாலாவது வரி மேடம்." லிப்ட் மெக்கானிக்கின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "திரையெல்லாம் சிவப்பா வருது. எனக்கு இதுவரைக்கும் சிவப்பே வந்ததில்லை மேடம்! தாள்ல வெச்சிருக்கேன், இங்க அடிக்க மறந்துட்டேன்."

"என்ன மறந்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் மற்ற இருபத்தொன்பது வீடுகளும் ஒரே குரலில், "அரைப்புள்ளி!" என்றன. சொன்ன பிறகுதான் அது மேடத்துக்கு வைத்த பெயராயிற்றே என்பது அவர்களுக்கு உறைத்தது. எல்லாக் கீபோர்டும் கப்பென்று நின்றது. அப்புறம் நர்ஸ் முதலில் சிரித்தார், அடுத்து வாய்ப்பாட்டு அப்பா, அதற்குப் பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது.

அவளுக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சத்தம் முப்பது வீட்டுக்கும் கேட்கக் கூடாது என்று கையை நீட்டி, அந்தப் பருவம் முழுவதும் யாரையும் மைக்கை மூட விடாதவள் தன் மைக்கை மூடினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, எல்லாரும் பதினாலாவது வரிக்கு வாங்க என்று பாடத்தைத் தொடர்ந்தாள். இரண்டு நிமிடம் பேசியிருப்பாள்.

"மேடம்," என்றார் லிப்ட் மெக்கானிக். "சத்தத்தைக் காணோம். எங்க நின்னுச்சு?"